நடுவில் வரவேண்டிய குரல்

— இல்லீங்ணா. இன்னமும் சோத்தாங்கைப் பக்கந்தான் பாடுது. பீச்சாங்கைப் பொட்டி சும்மா ஒக்காந்திருக்குது.

— பொறுங்க பொறுங்க தம்பி. நான் இப்பத்தான் சூரமங்கலத்துல பஸ் ஏறி வந்து பையைக் கீழ வெச்சிருக்கேன். பாட்டை நிறுத்துங்க. பொட்டி ரெண்டையும் எங்க வெச்சிருக்கீங்கன்னு மொதல்ல பார்க்கணும். இதென்ன, ஒண்ணு மூலையில, இன்னொண்ணு நெல்லு மூட்டை மேலயா?

— அது என்ற சம்சாரம் வெச்சதுங்ணா. நான் ஒரு எடத்துல வெச்சா, காலைல கூட்டறப்ப அவ இன்னொரு எடத்துல வெச்சுப்போடறா. சௌந்திரம், இங்க வா. ஸ்பீக்கர் வெக்கற அண்ணன் வந்திருக்கறாரு.

— வாங்கண்ணா. இந்தாங்க, காப்பி. ஏனுங்க, நீங்களும் புடிங்க. பொட்டியில ஒண்ணும் கோளாறு இல்லீங்ணா, நல்லாத்தான் பாடுது. இவருக்குத்தான் எதுலயும் திருப்தி வராது.

— நல்லாப் பாடுதுன்னா நான் எதுக்கு அதைத் தூக்கிட்டு சேலத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் அலையறேன்? கடைக்காரரு ரெண்டு தடவை மாத்திக் குடுத்துட்டாருங்ணா. மூணாந்தடவை போனதுக்கு, 'நாச்சிமுத்து, இனி பொட்டியில தப்பில்ல, வெக்கற எடத்துலதான் தப்பு'ன்னுட்டாரு. வெங்கடாசலம்னு ஒருத்தரு, ரயில்வேல சிக்னல் வேலை, லீவு நாள்ல வந்து வெச்சுக் குடுப்பாருன்னு உங்க பேரச் சொன்னாரு.

— அவர் சொன்னது நியாயந்தான். இந்த மாதிரி சின்னப் பொட்டிக்கு வெக்கற எடம் பாதி, பொட்டி பாதி. மூலையில வெச்சா மேளச் சத்தம் பெருசா வரும், நமக்கும் ஆகா ஓகோன்னு இருக்கும். ஆனா பேச்சு எதுவும் தெளிவா இருக்காது, குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசற மாதிரி. மூட்டை மேல வெச்சா மூட்டையே சத்தத்தைக் குடிச்சுரும். ரெண்டு முக்காலி வேணும், ஒரே உசரத்துல.

— ஒண்ணுதான் இருக்குதுங்ணா. இன்னொண்ணுக்கு நெல்லுக் குத்தற அந்தக் கல்லுக் குந்தாணியக் கவுத்து வெச்சா ஆகுமா?

— ஆகுமாவா? கல்லுதான் இருக்கறதுலயே நல்லது, ஆடாது. அம்மிணி, நீங்க கை வெக்காதீங்க. மாசமா இருக்கீங்க போல.

— ஏழு நடக்குதுங்ணா.

— அப்ப அப்பிடி ஒக்காருங்க. தம்பி தூக்கட்டும், கல்லுத் தூக்கத் தெரிஞ்ச கை.

— போர்வெல் ரிக்குல நின்ன கைங்ணா. பதினோரு வருசம் போர் போட்டேன். எங்க வெக்கட்டும்?

— செவுத்துல இருந்து ஒரு முழம் தள்ளி. அதேதான். இன்னொண்ணு அங்க. தாம்புக்கயிறு இருந்தா குடுங்க, அளக்கணும். இந்தப் பொட்டிக்கும் அந்தப் பொட்டிக்கும் எவ்வளவு தூரமோ, உங்க நாற்காலிக்கும் அவ்வளவு தூரம். மூணும் ஒரே அளவு. இதுல கீச்சுச் சத்தம் வர்ற சின்ன வட்டம் இருக்கு பாருங்க, அது ஒக்காந்திருக்கறவர் காதுக்கு நேரா இருக்கணும். குந்தாணிக்கு அடியில ஒரு செங்கல்லு வையுங்க. இப்ப ஒக்காருங்க.

— ஒக்காந்துட்டேன்.

— பாட்டு வேண்டாம். பாட்டுல நம்ம ஏமாந்துருவோம். நான் ஒரு கேசட் கொண்டாந்திருக்கேன். ஜங்ஷன்ல வண்டி வர்றதைச் சொல்றாரே எங்க ஆளு, அவரை ஒக்கார வெச்சு ஒத்தை மைக்குல பதிஞ்சது. ஒரே குரல், ரெண்டு பொட்டிக்கும் சரிசமமா போகும். மனுசக் குரல் ஏமாத்தாது தம்பி. வெச்ச எடம் சரியா இருந்தா, அவர் இந்தப் பொட்டியிலும் இருக்க மாட்டார், அந்தப் பொட்டியிலும் இருக்க மாட்டார். நடுவுல, அந்தக் காலண்டர் தொங்குதே, அங்க நின்னு பேசற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க.

— கேக்குதுங்ணா. ஈரோட்டு வண்டி ரெண்டாவது நடைமேடைக்கு வருதுங்கறாரு.

— எங்க நிக்கறாரு?

— காலண்டர்ல ஆளக் காணோமுங்ணா. சோத்தாங்கைப் பொட்டிக்குள்ளயே ஒக்காந்திருக்கறாரு.

— எந்திரிங்க, நான் பார்க்கறேன். ம். எனக்குக் காலண்டர்லயே நிக்கறாரே. கிழிக்காத தேதிக்கு மேலயே நிக்கறாரு. அம்மிணி, நீங்க ஒருதரம் ஒக்காந்து சொல்லுங்க.

— எனக்கு இதெல்லாம் என்னங்ணா தெரியும்.

— தெரியறதுக்கு ஒண்ணும் இல்ல. குரல் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு சொன்னாப் போதும்.

— சோத்தாங்கைப் பக்கந்தானுங்ணா.

— நெசமாவா அம்மிணி?

— ஆமாங்ணா. அவருக்குக் கேக்கறாப்லதான் எனக்கும் கேக்குது.

— பாத்தீங்களா, நாந்தான் சொன்னேன்ல்ல. எனக்குப் பைத்தியம்னு கடைக்காரரு நெனச்சுட்டாரு.

— பொறுங்க பொறுங்க. ஒயரைப் பார்க்கறேன். சிவப்பு சிவப்புல, கறுப்பு கறுப்புல, சரியாத்தான் இருக்கு. மாறியிருந்தா குரல் ஊடெல்லாம் அலையும், இப்பிடி ஒரே பக்கம் ஒக்காராது. சரி, ஒண்ணு செய்வோம். பொட்டி ரெண்டையும் எடம் மாத்துங்க. இடது பொட்டிதான் கோளாறுன்னா, கோளாறு வலது பக்கம் வந்துரும்.

— ரிக்குலயும் அப்பிடித்தானுங்ணா பாப்போம். எந்தச் சாமான் கோளாறுன்னு தெரியலைன்னா மாத்திப் போடறது. இந்தா, மாத்திட்டேன். ஓட உடுங்க.

— இப்ப?

— சோத்தாங்கைப் பக்கந்தானுங்ணா.

— பொட்டி மாறிருச்சு, பக்கம் மாறலையா?

— மாறலீங்ணா. அதென்னமோ போங்க. இன்னைக்கே முடிச்சுக் குடுத்துருங்க, நாளைக்குக் காலைல மொத பஸ்ஸுக்கு ஜலகண்டாபுரம் போறோம். அவ அம்மா ஊடு. திரும்பி வாரப்ப அத்தையும் கூட வந்தாலும் வரும். வர்றவிய முன்னால இது ஒழுங்காப் பாடோணும்.

— அம்மா ஊட்டுக்குப் போறீங்களா அம்மிணி? நல்ல சேதிதான்.

— காத்தால மாரியம்மங் கோயல்ல ஒரு காரியம் இருக்குதுங்ணா.

— காரியம்னு என்ன மூடி மறைக்கற? ஊருக்கே தெரிஞ்சதுதான. சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணப் போறேனுங்ணா.

— அத எதுக்குங்க இப்ப. அண்ணன் வேலையப் பாக்கட்டும்.

— சொன்னா என்ன? என்ற மேல தப்பில்ல, நான் யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன். எம்பத்தி ரெண்டுல, ராய்ச்சூர்ப் பக்கம் போர் போடறப்ப இவ தம்பி செத்துப்போனானுங்ணா. சின்னராஜு. என்ற ரிக்குலதான் வேலை செஞ்சான். பைப்பச் சுத்தி உடற லீவர்ல நான் நின்னேன்.

— ஐயோ. எப்பிடித் தம்பி?

— பைப்பு கோத்தறப்ப நடந்துதுங்ணா. அப்பக் கம்ப்ரஸர் காத்த அடைச்சுப்போடுவோம், சத்தம் கொறஞ்சிரும். இந்தப் பக்கம் காத்தான்னு ஒரு ஆளு, அந்தப் பக்கம் மாப்ள சின்னராஜு. பைப்பு ஏறுனதும் காத்தான் 'ஆச்சு'ன்னு சொல்லோணும். சொன்னான். ஏதாவது எடக்குன்னா மாப்ள கத்தோணும். நான் காதுகுடுத்துக் கேட்டுத்தான் லீவர இழுத்தேன். மாப்ள தோள்ல இருந்த துண்டு பைப்புல சுத்திக்கிச்சு. துண்டோட அவனும் போயிட்டான்.

— சின்ன வயசா?

— இருவது முடியலீங்ணா. அதுக்கப்புறம் அந்தக் காத்தான் பயல் என்ன சொன்னாங்கறீங்க, மாப்ள 'நிறுத்துங்க மாமா'ன்னு ரெண்டு தடவை கத்துனானாம். நான் கேட்டும் நிறுத்தலையாம். கத்தவே இல்லீங்ணா. கத்தியிருந்தா எனக்குக் கேக்காதா? நான் காதாலயே பொழப்பு நடத்துனவன். அடியில பாறையா, மண்ணா, தண்ணி வந்திருச்சான்னு சத்தத்த வெச்சே சொல்லுவேன். தான் அவசரப்பட்டு 'ஆச்சு'ன்னதை மறைக்கறதுக்கு அவன் பொய் சொல்றான்.

— உங்க அத்தை எதை நம்பறாங்க?

— அத்தை காத்தானத்தான் நம்புச்சு. ரெண்டு வருசமா இந்த ஊட்டுப்படி மிதிக்கல. இவளையும் அங்க சேக்கல. இப்ப இவளுக்கு ஏழாம் மாசம், அம்மா ஊட்டுல இருந்து கட்டுச்சோறு கொண்டாரோணும். சொந்தக்காரவிய பேசிப் பேசி அத்தை எறங்கி வந்திருக்குது. 'என்ற பையன் கூப்புடலைன்னு ஆத்தா முன்னால சூடத்த அணைச்சுச் சொல்லட்டும். நான் வாரேன்'னு சொல்லியுட்டிருக்குது. எனக்கென்ன பயம்? பொய்யா சொல்லப்போறேன்?

— ஏனுங்க, மோட்டார் லைட்டு வந்துருச்சு பாருங்க. மோட்டார் போடறதுன்னா இப்பப் போட்டாத்தான். மஞ்சக்காடு காயுது.

— ஆமா, மோட்டாருக்கு வர்ற மூணு மணிக் கரண்டு. சித்த இருங்கண்ணா, மோட்டாரப் போட்டு மடைய மாத்தி உட்டுட்டு ஓடியாரேன். அந்த ஆளை எப்பிடியாவது காலண்டருக்குக் கொண்டாந்து வெச்சுருங்க.

— போய்ட்டு வாங்க தம்பி.

— அண்ணா.

— சொல்லுங்க அம்மிணி.

— அவரு தென்னந்தோப்புத் தாண்டற வரைக்கும் இருங்க. ம், போயிட்டாரு. அண்ணா, நீங்க பெரிய மனசு பண்ணோணும்.

— நானே கேட்கணும்னு இருந்தேன். காப்பி குடுத்தப்ப அவர் நாற்காலியைச் சுத்திக்கிட்டு வந்து வலது பக்கம் நின்னு குடுத்தீங்க. அப்புறம் லைட்டு வந்துருச்சுன்னு சொன்னப்பவும், எந்திரிச்சு அந்தப் பக்கம் போய்த்தான் சொன்னீங்க. குரல் நடுவுலதான் வருதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எங்கிட்ட மாத்திச் சொன்னீங்க.

— ஆமாங்ணா.

— பொட்டியில ஒண்ணும் இல்ல. அவருக்கு இடது காது கேக்கல.

— மெதுவாப் பேசுங்ணா.

— எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?

— நாலு வருசமாங்க. சோத்தாங்கைப் பக்கம் ஒருக்களிச்சுப் படுத்துட்டா நான் என்ன பேசுனாலும் பதில் வராது. தூங்கறாருன்னு நெனச்சுக்குவேன். ஒரு நாள் எட்டிப் பாத்தா கண்ண முழிச்சுச் செவுத்தப் பாத்துட்டுப் படுத்திருக்கறாரு. காதுக்குப் பக்கத்துல போயிக் கூப்புட்டேன். திரும்பல.

— அவருக்கே தெரியாதா?

— தெரியாதுங்க. லீவர்ல நின்னா கம்ப்ரஸரு அவருக்குப் பீச்சாங்கைப் பக்கம் இருக்குமாமா. கொஞ்சங் கொஞ்சமாத் தின்னு போட்டுது போலிருக்குது. சோத்தாங்கைக் காது நல்லாக் கேக்கறதுனால அவருக்கு வித்தியாசமே தெரியல. ஊட்டுல எல்லாத்தையும் நான் அந்தப் பக்கமாவே வெச்சுக்குவேன். கட்டலு, சோத்துத் தட்டு, விருந்தாடி வந்தா ஒக்கார்ற பாய், எல்லாம். இந்தப் பொட்டி ரெண்டும் வந்ததுல இருந்துதான் எனக்குப் பெரிய தொந்தரவாப் போச்சு.

— நாலு வருசமாத் தெரியும்னா, செத்துப்போனது ரெண்டு வருசம் முன்னால. அப்புறம் எப்பிடி அம்மிணி அவரை லீவர்ல நிக்க விட்டீங்க?

— சொன்னா ஓனரு அவர லீவர்ல வெச்சிருப்பாருங்களா? பைப்புத் தூக்கப் போகச் சொல்லியிருப்பாரு. அவருக்கு இருந்த பெருமையே அந்தக் காது ஒண்ணுதானுங்க. நாச்சிமுத்து காது வெச்சாத் தண்ணின்னு திருச்செங்கோடு வரைக்கும் பேரு. அத என்ற வாயால எப்பிடிக் கெடுக்கறதுன்னு இருந்துட்டேன்.

— அப்ப வேற யாருக்கும் தெரியாதா?

— அதெல்லாம் இப்ப எதுக்குங்ணா. அவரு வந்துருவாரு. பொட்டியிலதான் கோளாறுன்னு சொல்லிப்போட்டுப் போயிருங்க. உங்களக் கையெடுத்துக் கும்புடறேன்.

— அவர் நாளைக்குச் சூடம் அணைக்கப் போறார் அம்மிணி.

— அவரு பொய்ச் சத்தியம் பண்ணலீங்களே. அவருக்குக் கேக்கல. கேக்காதது நெசந்தானுங்க. அவரு மனசுல கள்ளமில்ல. ஆத்தா கண்ணக் குத்த மாட்டா.

— கேக்கலைங்கறது வேற, கூப்பிடலைங்கறது வேற. உங்கம்மா எதைச் சொல்லச் சொல்றாங்க?

— கூப்புடலைன்னுதானுங்க.

— அப்ப அந்தக் காத்தான்?

— தெரியுங்ணா.

— அந்தாளு என்ன ஆனார்?

— பொய் சொன்னவன்னு பேராயிருச்சு. எந்த ரிக்குலயும் சேத்தலீங்க. எருமைப்பட்டிப் பக்கம் கல்லு ஒடைக்கறானாம். அவன் பொண்டாட்டிய ஒருக்காச் சந்தையில பாத்தேன். எம்பக்கம் திரும்பாமயே போயிட்டா.

— நான் சிக்னல்ல வேலை பாக்கறவன். பாதை மறிச்சிருக்குன்னு தெரிஞ்சும் பச்சை போட்டா என்னாகும்னு எங்களுக்கு மொத நாளே சொல்லித் தருவாங்க.

— எனக்கு இந்தக் கொழந்த பொறக்கோணுமுங்ணா. அம்மா கையி தலையில படாம எப்பிடிப் பொறக்கும்? ரெண்டு வருசமா அது மூஞ்சியப் பாக்கல. தம்பிக்குத் திதி குடுத்தன்னைக்குக் கூட வேலிக்கு வெளிய நின்னுட்டு வந்தேன். அவரு நெசந் தெரிஞ்சாத் தாங்க மாட்டாரு. கெணறு இருக்கற தோட்டமுங்க. ராத்திரி பகலு நான் எத்தன நேரந்தான் கண்ணு முழிச்சுக் காவக் காப்பேன்?

— அழாதீங்க. மாசமா இருக்கறவ இப்பிடி அழக்கூடாது.

— சொல்லுங்ணா. சொல்றேன்னு சொல்லுங்க.

— பொட்டி மேல பழி போட மாட்டேன். கடைக்காரர் மூணாவது தடவை மாத்தணும், பாவம். எடத்து மேல போடறேன். அதோ வர்றாரு. மூஞ்சியத் தொடைங்க.

— என்னங்ணா, கண்டுபுடிச்சீங்களா? மடையில எலி வளை, அதை அடச்சுட்டு வர நேரமாயிருச்சு. நீ ஏன் ஒரு மாதிரி இருக்கற?

— பொகைங்க. அடுப்புல பச்ச வெறகு.

— கண்டுபிடிச்சுட்டேன் தம்பி. ஒண்ணுமில்ல, உங்க ஊட்டு அமைப்பு அப்பிடி. உங்களுக்கு இடது பக்கம் பாருங்க, மாட்டுக் கட்டுத்தாரைக்குப் போற வாசல், கதவே இல்லாம தொறந்து கெடக்கு. அந்தப் பொட்டிச் சத்தம் பூராம் வாசல் வழியா ஓடிப்போயிருது. வலது பக்கம் செவுரு, சத்தத்தைத் திருப்பி அனுப்புது. அதனாலதான் எந்தப் பொட்டியை வெச்சாலும் அந்தப் பக்கம் கம்மி. வாசல்ல ஒரு தடிமனான ஜமக்காளத்தைத் தொங்க விட்டுட்டா சரியாப்போயிரும்.

— வாசலா?

— வாசல்தான்.

— இத்தன நாளா இது தோணலையே. அட, நான் பாட்டுக்கு பொட்டியத் தூக்கிட்டு அலைஞ்சேன்.

— அவ்வளவுதான் தம்பி. நாளைக்குப் போய்ட்டு வந்து நிதானமாத் தொங்கவிடுங்க. நான் கௌம்பறேன், நாலு மணி பஸ்ஸு இருக்கு.

— இருங்கண்ணா. ஒண்ணு பாத்துரலாம்.

— ஏனுங்க, அண்ணனுக்கு நேரமாகுதுங்க.

— அட, ஒரே நிமிசம். வாசல்தான் கோளாறுன்னா நான் நாக்காலியத் திருப்பிப் போட்டு, பொட்டிக்கு முதுகக் காட்டி ஒக்காந்தா, வாசல் எனக்குச் சோத்தாங்கைப் பக்கம் வந்துருமில்ல? அப்பச் சோத்தாங்கைப் பக்கம் கம்மியாக் கேக்கோணும், இந்தப் பக்கம் ஜாஸ்தியாக் கேக்கோணும். சரிதானுங்ணா?

— அப்பிடியெல்லாம் பார்க்கற வழக்கம் இல்ல தம்பி. முன்னால இருந்து கேக்கறதுதான் முறை.

— முறையாவது. மாத்திப் போட்டுப் பாக்காம எதையும் ஒத்துக்கக் கூடாதுங்ணா, ரிக்குல நான் படிச்சது அது ஒண்ணுதான். இந்தா, திருப்பிட்டேன். உங்க ஆளப் பேச உடுங்க.

— வேண்டாமுங்க.

— என்ன வேண்டாம்? அண்ணா, போடுங்க.

— போட்டுட்டேன்.

— ம்.

— சரி தம்பி, எந்திரிங்க.

— வாசல் பக்கம் இருந்து வருதுங்ணா.

— தம்பி.

— வாசல் வழியா ஓடிப்போகுதுன்னு சொன்னீங்க. இப்ப வாசல் பக்கந்தான் நல்லாக் கேக்குது. செவுத்துப் பக்கம் ஒண்ணுமில்ல. பொட்டி மாறுனாலும் சோத்தாங்கை, நான் திரும்புனாலும் சோத்தாங்கை. அப்ப மாறாம இருக்கறது எது?

— ஏனுங்க, எந்திரிச்சு வாங்க. சோறு போடறேன்.

— இரு. அண்ணா, இன்னும் கொஞ்சஞ் சத்தமா வையுங்க. நான் இந்தச் சோத்தாங்கைக் காத அமுக்கி மூடிக்கறேன்.

— அதெல்லாம் வேண்டாம் தம்பி, சொல்றதைக் கேளுங்க.

— ஏனுங்ணா, நிறுத்திப்போட்டீங்களா?

— நிறுத்தல.

— நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்ல்ல. ஓட உடுங்க.

— ஓடுது தம்பி. நல்லாச் சத்தமாத்தான் ஓடுது.

— அண்ணா, உங்க வாய் அசையுது.

— கையை எடுங்க தம்பி.

— சௌந்திரம், நீயும் என்னமோ சொல்ற. எனக்கு முன்னால வந்து நின்னு என்னமோ சொல்ற.

— கைய எடுங்க. கைய எடுங்க சாமி, போதும்.

— எடுத்துட்டேன். வண்டி அஞ்சு நிமிசம் தாமதமா வருதுங்கறாரு. இவ்வளவு சத்தமாவா ஓடிட்டு இருந்துது?

— ஆமா தம்பி.

— இவ்வளவு சத்தமா.

— நிறுத்திட்டேன். சேலத்துல காது டாக்டர் இருக்கறாரு, நான் கூட வர்றேன். எங்க ஷெட்டுலயும் ரெண்டு மூணு பேருக்கு இப்பிடி ஆகியிருக்கு. ஒரு காது போதும் தம்பி, அதை வெச்சே நல்லா இருக்கறாங்க.

— உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சுதா? வாசல்னு ஏன் சொன்னீங்க?

— தப்புத்தான். மன்னிச்சுருங்க.

— மாப்ள பீச்சாங்கைப் பக்கம் நின்னானுங்ணா.

— தம்பி, அன்னைக்கு எஞ்சின் ஓடிட்டு இருந்திருக்கும். நல்ல காதுக்கும் கேட்டிருக்காது.

— காத்தான் சொன்ன 'ஆச்சு' கேட்டுதே. அவன் என்னமோ காதோரமா வந்தா சொன்னான்? அவன் சோத்தாங்கைப் பக்கம் நின்னான், கேட்டுது. மாப்ள அவனவிட ஒரு எட்டுக் கிட்டத்துல நின்னான். அவன் கூப்புட்டிருக்கறான். 'நிறுத்துங்க மாமா'ன்னு ரெண்டு தடவை கூப்புட்டிருக்கறான். காத்தான் பொய் சொல்லல. நான் ரெண்டு வருசமா அந்த ஆளப் பொய்யன் பொய்யன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

— நீங்க தெரிஞ்சு செய்யல.

— அவனுக்கு அது என்ன ஒதவும்? போங்கண்ணா. உங்களுக்கு பஸ்ஸு போயிரும்.

— அம்மிணி, நான் வேணும்னா இருக்கறேன்.

— போய்ட்டு வாங்கண்ணா. உங்க மேல தப்பில்ல. நாந்தான் உங்களக் கேட்டேன்.

— கேசட் இருக்கட்டும். அப்புறம் வந்து வாங்கிக்கறேன். வர்றேன் தம்பி. அவர் கூடவே இருங்க அம்மிணி.

— என்ன கேட்ட அவருகிட்ட?

— பொட்டியிலதான் கோளாறுன்னு சொல்லச் சொல்லிக் கேட்டேனுங்க.

— அப்ப உனக்குத் தெரியும்.

— தெரியுமுங்க.

— எப்ப இருந்து?

— நாலு வருசமா.

— நாளைக்கு நான் ஆத்தா முன்னால நின்னு சூடத்தை அணைக்கறதப் பாத்துட்டு நிக்கலாம்னு இருந்தியா?

— ஆமாங்க.

— சௌந்திரம்.

— என்னத் திட்டுங்க. அடிச்சாலும் சரி. அங்க ஏன் போறீங்க? கெணத்துப் பக்கம் போகாதீங்க. இங்க ஒக்காருங்க.

— நான் எங்கயும் போகல. இங்கயே செவுத்துல சாஞ்சு ஒக்காந்துக்கறேன். பயந்துக்காத. நாளைக்குச் சூடம் அணைக்க மாட்டேன். ஆனா அத்த ஊட்டுக்கு வருவேன். அது கால்ல உழுந்து, உம்பட பையன் கூப்புட்டான், எனக்குத்தான் காது கேக்கலைன்னு சொல்லிப்போடறேன். கட்டுச்சோறு கொண்டாராட்டிப் போகுது. அங்கிருந்து எருமைப்பட்டிக்குப் போய்க் காத்தானயும் பாக்கோணும்.

— சரிங்க.

— ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ரிக்குல எவனும் அந்தப் பக்கம் நிக்க மாட்டான். கம்ப்ரஸர் சூடு ஆளப் பொசுக்கும், பொகை கண்ணத் தொறக்க உடாது. நான் எத்தன தடவை திட்டியிருப்பேன், காத்தான் பக்கம் போயி நில்லுடான்னு. தலையத் தலைய ஆட்டுவான். சித்த நேரங் கழிச்சுப் பாத்தா மறுபடியும் அங்கயே வந்து நிப்பான். அந்த எடத்துல அவனுக்கு அப்பிடி என்னதான் இருந்துது?

— அம்மாகிட்ட நீங்க பேச வேண்டாமுங்க. நான் பேசறேன்.

— நீ என்ன பேசுவ? லீவர இழுத்தது நானு. நாந்தான் சொல்லோணும்.

— நீங்க சொன்னாப் பாதிதானுங்க சொன்னதாகும்.

— மிச்சம் என்ன இருக்குது?

— அவனா அங்க நிக்கலீங்க. மாமாவுக்கு அந்தப் பக்கம் காது கேக்காது, வெளிய சொல்லிப்போடாத, நீ அந்தப் பக்கத்த உட்டு நவராம நின்னு பாத்துக்கடா சாமின்னு, தூக்குப் போசியில சோறு கட்டிக் குடுத்து அவன அனுப்பி வெச்சவ நானுங்க.